துணியில் நிறம் ஒட்டினால் கையை எடுங்கள்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பழைய கார் வாங்கும்போது பெயர் மாற்றம், காப்பீடு பற்றித்தான் கவலைப்படுவார்கள். அதெல்லாம் படிவம் நிரப்பினால் முடிந்துவிடும். தலைவலி அப்புறம்தான். நல்ல வெயிலில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் கைப்பிடிக்குக் கீழே நகக் கீறல், பம்பர் மூலையில் உரசல். ஊரில் என்றால் பட்டறையில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். இங்கே கூலியைக் கேட்டதும் உப்புத்தாள் வாங்கக் கிளம்பிவிடுகிறோம்.

முதலில் கீறலை நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்தால் அது நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு நிற்கிறது, பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் போய்விடும். நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது சிக்கினால் ஆழமானது. உள்ளே இரும்புத் தகடே தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், துரு பிடிக்கும். பிளாஸ்டிக் பம்பருக்கு அந்தப் பயம் இல்லை.

என் நண்பர் மாட்டிக்கொண்டது கிளியர் கோட்டில். காரின் மொத்தப் பெயிண்டும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. வீடியோவில் ஒருவர் 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து நாலு தேய்ப்புத் தேய்த்ததும் கீறல் மாயமாகிறது. எவ்வளவு மீதம் இருக்கிறது என்று அவர் கருவி வைத்து அளந்திருப்பார், அதைக் காட்டுவதில்லை. நண்பர் கதவின் மடிப்பு ஓரத்தில் தேய்த்தார். ஓரங்களில் பூச்சு இன்னும் மெல்லியது. துணியில் நீலம் ஒட்டியதும் அழுக்கு வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தினார். வந்தது அழுக்கல்ல, பெயிண்ட். கிளியர் கோட் உள்ள வண்டியில் துணியில் நிறம் ஒட்டினால் மேல்பூச்சைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். இனி எந்தப் பாலிஷும் உதவாது. காய்ந்ததும் அந்த இடம் உள்ளங்கை அளவுக்கு மங்கி நின்றது. கடைசியில் கதவு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

இதில் கொடுமை, அந்தக் கதவு ஏற்கெனவே ஒருமுறை பெயிண்ட் அடித்தது. விற்றவர் மூச்சு விடவில்லை. வெளிப் பட்டறையில் அடித்த பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேய்க்கும் முன் ரப்பர் பட்டையின் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள், மறுபடி பெயிண்ட் அடித்த வண்டியென்றால் பெயிண்ட் தூசு படிந்திருக்கலாம். கதவைக் கழற்றி மாட்டியிருந்தால் தெரியும், கீல் போல்ட்டில் ஸ்பேனர் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புத் தகட்டில் காந்தம் ஓரிடத்தில் மட்டும் தளர்வாகப் பிடித்தால் அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கலாம். அலுமினிய பானெட்டில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, பயந்துவிடாதீர்கள்.

ஆகவே உப்புத்தாளைத் தொடாமலே ஆரம்பியுங்கள். நன்றாகக் கழுவி, நிழலில், தகடு சூடாக இல்லாதபோது, மைக்ரோஃபைபர் துணியில் மெல்லிய பாலிஷ். போகவில்லையென்றால் அதைவிடக் கொஞ்சம் கரகரப்பான பசையான காம்பவுண்ட். அதிலும் போகாத மெல்லிய கோட்டோடு வாழப் பழகிக்கொள்ளலாம், பழைய வண்டிதானே!

ஆழமான கீறலுக்கு டச்சப் பெயிண்ட். நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள், வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் பெயிண்டின் நிறக் குறியீடு இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பல்குத்தி முனையில் எடுத்துக் கீறலுக்குள் மட்டும் வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது உள்வாங்கும், மெல்லிசாகப் பல தடவை வையுங்கள்.

ஹார்டனர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) கலந்த டூ-கே கிளியர் ஸ்ப்ரேயை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வாடகைக் குடியிருப்பின் பார்க்கிங்கில் பக்கத்து வண்டிமேல் தெறித்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.