உயிர்க்கரி: மண்ணில் கலப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

உரம் கொஞ்சம் கூடிப்போனால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். அடுத்த பருவத்துக்குள் மண் பெரும்பாலும் தேறிவிடும். உயிர்க்கரி அப்படியில்லை. கலந்த பிறகு சலித்து எடுக்க வழியில்லை, அதில் பெரும்பகுதி நூறு வருடம் கடந்தும் மக்காமல் கிடக்கும். பயோசார் என்று பையில் போட்டு விற்பதும் இதைத்தான்: மரக்கழிவு, தேங்காய்ச் சிரட்டை, உமி போன்றவற்றைக் காற்று அதிகம் படாமல் சூடேற்றி எடுத்த கரி. மக்காது என்பதால்தான் கார்பன் காற்றுக்குப் போகாமல் மண்ணிலேயே தங்குகிறது என்று இதைப் பாராட்டுகிறார்கள். அதனாலேயே, தவறாகப் போட்டுவிட்டால் அந்தத் தவறும் தங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் செய்வது, கரியை வெறுமனே கொட்டிக் கலப்பது. கரியில் செடிக்குக் கிடைக்கிற தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. அவை சத்தைப் பிடித்து வைக்கும். காலியாகப் போட்டால், மண்ணில் ஏற்கெனவே இருக்கிற சத்தை முதலில் தான் இழுத்துக்கொள்ளும். கத்தரி நாற்று நட்ட சில நாட்களில் அடியிலைகள் வெளுக்கத் தொடங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், அது வேறு வேரைக் கெடுக்கும். கரி சேர்ந்ததால் வளமானது என்று அமேசான் காட்டுப் பகுதியின் புகழ்பெற்ற கருமண்ணை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே கரியோடு எலும்பு, மீன் கழிவு, மலக்கழிவு, உடைந்த மண்பாண்டம் எல்லாம் சேர்ந்து கிடந்தன என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் கரிக்குச் சத்தேற்ற வேண்டும். பொடித்த கரியும் நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரமும் சம அளவு எடுத்துப் பிசறி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி மூன்று நான்கு வாரம் விடுங்கள். தண்ணீருக்குப் பதில் ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் முதலியவற்றைக் கரைத்துப் புளிக்கவைத்த கரைசல்) தெளித்தால் இன்னும் நல்லது. இதைவிடச் சுலபமான வழி, வீட்டு மக்கும் தொட்டியில் தொடக்கத்திலேயே பத்தில் ஒரு பங்கு கரியைப் போட்டுவிடுவது. கழிவு மக்கும்போது ஆவியாகிப் போகும் அம்மோனியாவில் ஒரு பகுதியைக் கரி பிடித்துக்கொள்ளும். தொட்டி நாற்றமும் குறையும்.

அடுத்து, எந்தக் கரி. அடுப்புச் சாம்பலும் கரியும் ஒன்றல்ல. அரிசி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் வாங்குபவர்கள் நிறத்தைப் பாருங்கள்: வெளுத்துப் போயிருந்தால் பெரும்பாலும் சிலிக்காதான், கரி எரிந்து தீர்ந்துவிட்டது. கறுப்பாக இருந்தால் சரி. பார்பிக்யூவுக்கு என்று அச்சில் அடித்து விற்கும் கரிக்கட்டிகள் வேண்டாம். ஒட்டுவதற்கும் பற்றவைப்பதற்கும் எதைச் சேர்த்தார்கள் என்று தெரியாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் இவற்றைக் கரியாக்குவதும் வேண்டாம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி தோட்டத்துக்குத் தாராளமாக ஆகும். ஆனால் மூட்டையில் பழுப்பு நிறத்தில், முழுதாக வேகாத துண்டுகள் இருந்தால் பொறுக்கி எறியுங்கள். ஒரு சின்னச் சோதனை உண்டு: ஈரக் கையில் கரியைத் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுப்பாக ஒட்டி, சோப்பு கேட்டால் உள்ளே தார் இருக்கிறது.

இப்போது எனக்கு அதிகம் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன், பி.எச். அளவு: 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். மரக்கரியின் பி.எச். பொதுவாக 8 முதல் 10 வரை இருக்கும், அதாவது காரத்தன்மை. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. வெப்பமண்டல நாடுகளில் கரி போட்ட நிலத்தில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடியது, மிதவெப்ப நாடுகளில் சராசரியில் எந்த உயர்வும் இல்லை. இதைப் படித்துவிட்டு ‘நம்முடையது வெப்பமண்டலம்தானே’ என்று குஷியாகிவிடக் கூடாது. அந்தச் சோதனைகள் நடந்த வெப்பமண்டல மண் பெரும்பாலும் அமிலத்தன்மையும் சத்துக்குறைவும் உள்ளது. கரி அங்கே பாதி வேலையைச் சுண்ணாம்பாகத்தான் செய்தது, அதாவது அமிலத்தைத் தணித்தது.

நீலகிரி மண்ணுக்கும் ஏற்காட்டு மண்ணுக்கும் அது பொருந்தும். கோயம்புத்தூர்ச் சுண்ணாம்புக் கரிசலில் என்ன ஆகும்? ஏற்கெனவே 8ஐத் தாண்டிய மண், போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் கரியையும் சாம்பலையும் சேர்த்தால் முதலில் மாட்டிக்கொள்வது இட்லிப்பூச் செடி. வேலியோரம் வரிசையாக வைத்திருப்பீர்களே, அதில் இளந்தளிரைப் பாருங்கள்: நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், நடுவில் மஞ்சள். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். செம்பருத்தியிலும் இதே கோலம் வரும். மண்ணைக் காயவைத்து அதன்மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். அங்கே கரியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, சாம்பலை அடியோடு விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது மேல். மலையில் தோட்டம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கமேலியா, அசேலியா போன்றவை அமில மண்ணில்தான் செழிக்கும், அந்தப் பாத்திகளில் கரி வேண்டாம்.

அளவு. கன அளவில் 5 முதல் 10 விழுக்காடு போதும். ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் 150 லிட்டர் வரும். அதற்குக் கரி ஏழரை முதல் 15 லிட்டர். மாடியில் 20 லிட்டர் பை என்றால் ஒன்று, அதிகம் போனால் இரண்டு லிட்டர். கரி தண்ணீரைச் சேமிக்கும் என்று நம்பிக் களிமண்ணில் அள்ளிப் போடுவதிலும் பெரிய பயனில்லை. அந்தப் பலன் நன்றாகத் தெரிவது கடலோர மணலில்தான். களிமண்ணில் அது மண்ணைக் கொஞ்சம் பொலபொலப்பாக்கும், அவ்வளவுதான்.

காய்ந்த கரியை மேலாகத் தூவிவிடுவதும் வீண்வேலை. காற்றில் பறந்து மூக்குக்குள் போகும். ஐப்பசி மழை ஒன்று பெய்தால் மிதந்து சாக்கடைக்குப் போய்விடும். நனைத்துப் பொடியுங்கள், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், வேர் ஓடும் ஆழத்துக்குக் கலந்து மேலே சருகு மூடாக்குப் போடுங்கள். வீட்டிலேயே கரி எடுப்பவர்கள் அன்றே மூட்டையாக்கி மூலையில் சாத்தக் கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கரி உள்ளே கனன்று மறுபடி பற்றும். நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு நாள் திறந்த வெளியில் கிடக்கட்டும்.

பெரிய அளவில் தோட்டம் அமைப்பவர்கள் சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமைக் காட்டுவார்கள். அந்த நகரம் 2017 முதல் மக்கள் கொண்டுவந்து போடும் தோட்டக் கழிவைக் கரியாக்கி, அந்த வெப்பத்தை வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, கரியைச் சாலையோர மரக்குழிகளுக்குப் பயன்படுத்துகிறது. அங்கே கரியைச் சத்தேற்றி, பெரிய ஜல்லியோடு கலந்து நிரப்புகிறார்கள். நடைபாதையின் எடையை ஜல்லி தாங்குகிறது, இடுக்குகளில் வேர் ஓடுகிறது. ஜல்லியை விட்டுவிட்டுக் கரியை மட்டும் கொட்டினால் குழி அமுங்கும், மேலே போட்ட கல்லும் இறங்கும்.

ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் வேம்புக்கோ புங்கத்துக்கோ கரி கொடுக்க அடியைச் சுற்றிக் கொத்துவது வேரை அறுக்கிற வேலை. கிளை நுனிக்கு நேர்கீழே, வட்டமாக, இரண்டடிக்கு ஒன்றாகக் கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்குத் துளை போட்டு, சத்தேற்றிய கரிக்கலவையை அதில் நிரப்பித் தண்ணீர் விடுங்கள். கடப்பாரை தடித்த வேரில் இடித்தால் ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.