வேண்டாத எண்ணத்தோடு மல்லுக்கட்டாதீர்கள்

அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது, "பக்கத்தில் இருக்கும் குழந்தையை வெட்டிவிடுவேனோ" என்று ஓர் எண்ணம். வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தும் ஓசிடி என்ற மனநலக் கோளாறில் இப்படி வரும். பதறிப்போய் அரிவாள்மனையைப் பரண்மேல் ஒளித்து வைப்போம். தப்பு அங்கேதான். ஒளித்ததும் பதற்றம் அடங்கும். மூளையோ "ஆபத்து நிஜம்தான்" என்று எடுத்துக்கொள்ளும். மறுநாள் கத்தரிக்கோலைப் பார்த்தாலும் பயம்.

எனக்குக் கைகொடுத்தது, பயத்தை நேருக்கு நேர் பழகும் இஆர்பி சிகிச்சை. பயங்களை எழுதி, 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். 30, 40 உள்ளதில் தொடக்கம்: குழந்தை அடுத்த அறையில் இருக்க, வெங்காயம் நறுக்குவது. நெஞ்சு படபடக்கும். எழுந்து ஓடாமல், மனசுக்குள் மந்திரம் சொல்லாமல், "நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?" என்று வீட்டாரிடம் கேட்காமல் நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. ஆறுதல் பத்து நிமிடம்கூட நிற்காது, திரும்பக் கேட்கத் தோன்றும்.

ஆரம்பத்தில் பயம் கூடினாற்போல இருக்கும், பாதியில் விட்டுவிடாதீர்கள். எண்ணத்தைச் சொல்ல வாய் வரவில்லையா, சீட்டில் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள். அவர் மாத்திரை எழுதினால், ஓசிடிக்கு அது பலன் தர 8 முதல் 12 வாரம் பிடிக்கலாம். எண்ணத்தில் வந்ததை நிஜமாகவே செய்தே தீரவேண்டும் என்ற உந்துதல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு.