அம்பாசிடர் இன்ஜினை மாற்றும் முன்
அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் புகைகிறது, இழுவை இல்லை என்றதும் வேறு இன்ஜின் தேட வேண்டாம். முதலில் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில், ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் (பெரிய) பிஸ்டன் போடலாம். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) பாருங்கள். ஹெட்டைக் கழற்றினாலே வேலை முடிந்துவிடக்கூடும்.

சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் பிளாக்கில் விரிசல் இருந்தால்தான் நான் மாற்றத்தை யோசிப்பேன். அப்போதும் 1990களில் அதே காரில் வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜினே என் தேர்வு. கியர்பாக்ஸோடு சேர்த்து வாங்குங்கள். ஆர்டிஓ அனுமதியும் ஆர்.சி.யில் புதிய இன்ஜின் எண்ணும் கட்டாயம். கழற்றிய பழைய இன்ஜினை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!