பரீட்சைக்கு முந்தின மாதம் மீன் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு

பிப்ரவரி வந்தால் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பிள்ளைக்குப் பப்ளிக் பரீட்சை, ஞாபகசக்திக்கு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கித் தரலாமா? தரலாம், ஆனால் மார்ச்சுக்குள் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏன் ஆகாது என்று தெரிந்துகொண்டால் எதை, எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். நேற்று மிஞ்சின ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருக்கும். பக்கத்தில் மத்திக் குழம்பு இருந்தால் அதன் எண்ணெய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டுக் கொழுப்பில் நேராக நீண்ட மூலக்கூறுகள் அதிகம், விறகுக்கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். மீனில் இருக்கும் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்துக்கோ ஆறு இடத்தில் இரட்டைப் பிணைப்பு, அங்கெல்லாம் வளைந்து கோணலான முருங்கைக் கிளை மாதிரி எந்தக் கட்டுக்கும் அடங்காது. நம் மூளைச் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு இப்படிப்பட்ட கொழுப்புகள் இரண்டு அடுக்காக நின்று உண்டானதுதான். ஒரு நரம்புச் செல் அடுத்ததற்குச் சேதி சொல்லும் சினாப்ஸில், வேதிப்பொருளைச் சுமந்துவரும் குட்டிக் குட்டிப் பைகள் இந்தச் சவ்வோடு கலந்து சரக்கை வெளியே கொட்ட வேண்டும், எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொள்ளும் புரதங்கள் தங்கள் சவ்வுக்குள் அசைந்து உருமாற வேண்டும். சவ்வு விறைத்துக் கிடந்தால் இதெல்லாம் சிரமம். டிஎச்ஏ சினாப்ஸ் பக்கம் குவிந்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறார்கள். நேர்க் கொழுப்பும் கொலஸ்டிராலும் சவ்வுக்கு வேண்டியவைதான், ஆனால் அவற்றை உடம்பே செய்துகொள்ளும். மூளை தனக்கு வேண்டிய கொலஸ்டிராலைத் தானே தயாரிக்கிறது, சாப்பாட்டுக் கொலஸ்டிராலை உள்ளேயே விடுவதில்லை. நெய் ஊற்றினால் மூளை வளரும் என்பதும் வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பதும் ஒரே ரகம்.

சரி, மார்ச்சுக்குள் ஏன் ஆகாது? வளர்ந்த ஆளின் மூளையில் டிஎச்ஏ மொத்தமே சுமார் 5 கிராம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்கேன் வைத்து அளந்து 2009-ல் சொன்ன கணக்குப்படி, மூளை ஒரு நாளில் செலவழித்துவிட்டு ரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 4 மில்லிகிராம், பாதிச் சரக்கு மாறவே இரண்டரை வருஷம் பிடிக்கும். இந்த வேகத்தில் ஒரு மாத மாத்திரை எங்கே போய் நிற்கும்? வருஷக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்: கண்நோய் இருந்த முதியவர்கள் சுமார் 3,500 பேரிடம் ஐந்து வருஷம் நடந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஒமேகா-3 மாத்திரை ஞாபகசக்தி சரிவதைத் தடுக்கவில்லை என்று 2015-ல் முடிவு வந்தது. ஆகவே என் கட்சி மாத்திரை அல்ல, குழம்புச் சட்டி. வாரம் இரண்டு நாள், வருஷம் முழுக்க.

என்ன மீன்? விலை குறைந்ததையே வாங்குங்கள். மத்தி (சாளை என்று கேட்டால்தான் சில ஊர்களில் தெரியும்), கானாங்கெளுத்தி, நெத்திலி. கொழுத்த மத்தி 100 கிராமில் டிஎச்ஏ அரை கிராம் அளவுக்கு இருக்கும், பருவத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். குழம்பு வையுங்கள், இல்லாவிட்டால் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுட்டெடுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் கொழுப்பு கொஞ்சம் சட்டிக்கு இறங்கும், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறும். மீன் வெட்டுகிறவரிடமே தலையை விட்டுவிட்டு வராதீர்கள், டிஎச்ஏ நிறைந்த மூளையும் கண்ணும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சண்டை வரும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். ஆனால் பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்துக்கொள்ளும், சுறா அதில் முன்வரிசை, பாதரசம் சிசுவின் மூளைக்கு ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். "அத்தை, இந்தத் தடவை நெத்திலி வச்சுக் கொடுங்க" என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது கோலின் என்ற சத்து, இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சவ்வில் நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகளில் பெரும்பங்குக்குத் தலைப்பகுதியே கோலின்தான், நினைவுக்கு முக்கியமான, நரம்புச் செல்கள் சேதி சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தயாராவதும் இதிலிருந்துதான். அதோடு, ரத்தத்திலிருந்து மூளைக்குள் டிஎச்ஏவை ஏற்றிவிடும் ஒரு புரதத்தைச் சிங்கப்பூர் ஆய்வுக்குழு ஒன்று 2014-ல் அடையாளம் காட்டியது. கோலின் தலை உள்ள ஒரு கொழுப்போடு சேர்ந்து வரும் டிஎச்ஏவைத்தான் அது உள்ளே விடுகிறது. ஒரு முட்டையில் சுமார் 147 மில்லிகிராம் கோலின், அது இருப்பது மஞ்சள் கருவில். ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 550, பெண்களுக்கு 425, கர்ப்பிணிகளுக்கு 450 மில்லிகிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. ஜிம்முக்குப் போகிற தம்பிகள் மஞ்சள் கருவை எடுத்துத் தூரப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. முட்டை சாப்பிடாதவர்கள் சோயா, ராஜ்மா, வேர்க்கடலை, காலிஃபிளவர், பால் என்று பல இடத்திலிருந்து சேர்க்க வேண்டியதுதான்.

சைவர்களுக்கு டிஎச்ஏ இன்னும் சிக்கல். ஆளி விதையிலும் வால்நட்டிலும் இருப்பது வேறு ஒமேகா-3, உடம்பு அதை டிஎச்ஏவாக மாற்றும் அளவு மிகக் குறைவு. சாப்பிடுங்கள், ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள், ஆனால் மீனுக்கு ஈடு என்று நினைக்காதீர்கள். மீனுக்கே டிஎச்ஏ நுண்பாசியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் மாத்திரையாகக் கிடைக்கிறது, விலைதான் அதிகம்.

இதையெல்லாம் விட அவசரமானது பி12 வைட்டமின். நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் மையலின் உறை கெடாமல் இருக்க இது வேண்டும். பழைய சோற்றில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்காராதீர்கள். பால், தயிர், முட்டை, மீன், கறிதான் நம்பகமான வழி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுகிறவர்களுக்கும் அசிடிட்டி மாத்திரையை விடாமல் விழுங்குகிறவர்களுக்கும் இது குறைந்துபோகலாம். கால் மரத்துப்போகிறது, விரலில் ஊசி குத்துகிறது, மறதி கூடுகிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பி12 குறைவால் வந்த ரத்தசோகைக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் போட்டால் அது சரியான மாதிரித் தெரியும், நரம்பு பாட்டுக்கு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மாத்திரைதான் என்றால் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் முதல் தடவை வாங்கியதில் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மில்லிகிராம் என்று இருந்தது, பின்பக்கம் பொடி எழுத்தில் இபிஏ (இதுவும் மீனில் இருக்கும் ஒரு ஒமேகா-3) 180, டிஎச்ஏ 120. மீதி வெறும் எண்ணெய். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.