வராதவருக்காக எழுதுங்கள்: சேவைச் சங்கத்தின் வாரச் செய்திமடலைத் தயாரிக்கும் முறை

சேவைச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், "உங்களுக்குக் கணினி நன்றாகத் தெரியுமே, இந்த ஆண்டு வாரச் செய்திமடலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைவர் சொல்லிவிடுவது எல்லாச் சங்கங்களிலும் நடப்பதுதான். மறுக்கவும் மனம் வராது, எங்கே தொடங்குவது என்றும் தெரியாது. அப்படிப் பொறுப்பேற்றுக்கொண்டவர்களுக்காகவே இந்த விளக்கம். உங்கள் சங்கம் ரோட்டரி, அரிமா (லயன்ஸ்), கிவானிஸ் போன்ற உலகளாவிய அமைப்பின் கிளையாக இருந்தாலும், நண்பர்கள் சிலர் கூடித் தாமாகவே தொடங்கிய தனி அமைப்பாக இருந்தாலும் வேலையின் தன்மை பெரிதாக மாறுவதில்லை.

பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் மூன்று பேருடன் கூடி ரோட்டரியைத் தொடங்கியபோது, கூட்டங்கள் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் நடந்தன; சங்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். நால்வராக இருக்கும்வரை வாய்ச்சொல் போதும். எண்ணிக்கை பெருகிவிட்டால், அடுத்த கூட்டம் எங்கே, எப்போது என்பதை யாராவது எழுதி அனுப்பியாக வேண்டும். செய்திமடலின் முதல் வேலை இன்றும் அதுதான். மற்றவை பிறகு வருபவை.

முதல் படி: யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நடந்தது ஏற்கெனவே தெரியும். தலைவரையும் செயலாளரையும் மகிழ்விப்பதற்காக எழுதினால் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் படிக்க மாட்டார்கள். எனவே, பணி நிமித்தமாகவோ உடல்நலக் குறைவினாலோ அந்த வாரம் வர இயலாமல் போன ஓர் உறுப்பினரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் எதைத் தவறவிட்டேன், என்ன முடிவு எடுத்தார்கள், நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்ற மூன்று கேள்விகள் அவருக்கு இருக்கும். ஒரு செய்தியைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஐயம் எழும்போதெல்லாம் அந்த மூன்றில் எதற்கு அது பதில் சொல்கிறது என்று பாருங்கள். எதற்கும் சொல்லவில்லையென்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: நாளைக் குறியுங்கள்

கூட்டம் செவ்வாய்க்கிழமை என்றால் புதன் இரவுக்குள் செய்திகளைப் பெற்றுவிடுவது, வியாழன் இரவுக்குள் எழுதி முடிப்பது, வெள்ளி காலையில் அனுப்புவது என்று ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். திட்டத் தலைவர்கள் தாமதமாகத் தரும் செய்தி அடுத்த வாரத்துக்குப் போய்விடும் என்பதை முதல் மாதத்திலேயே பழக்கிவிட வேண்டும். ஒருவருக்காக ஒரு நாள் காத்திருந்தால் பிறகு எல்லோருக்காகவும் காத்திருக்க நேரிடும்.

மூன்றாம் படி: கூட்டத்திலேயே குறிப்பெடுங்கள்

நினைவை நம்பி வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று எண்ணாதீர்கள். சிறிய குறிப்பேடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, விருந்தினர் பெயர்களை அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயரின் முதலெழுத்து, பட்டம், பதவி ஆகியவற்றில்தான் பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. தம் பெயரைத் தவறாக எழுதியதை யாரும் எளிதில் மறப்பதில்லை. வருகை எண்ணிக்கையை வருகைப்பதிவேட்டிலிருந்தும், எடுக்கப்பட்ட முடிவின் வாசகத்தைச் செயலாளரின் குறிப்பிலிருந்தும், தொகைகளைப் பொருளாளரிடமிருந்தும் மட்டுமே எடுங்கள். மேடையில் யாரோ உற்சாகத்தில் அறிவித்த நன்கொடைத் தொகையை, பொருளாளர் கைக்கு வருமுன்பே "வழங்கினார்" என்று எழுதிவிடுவது பின்னால் பெரும் சங்கடத்தைத் தரும். அறிவிப்பு மட்டும் நடந்திருந்தால் "வழங்குவதாக அறிவித்தார்" என்று எழுதுவதே சரி.

நான்காம் படி: அடுத்த கூட்டத்தை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலான செய்திமடல்கள் தலைவரின் செய்தியில் தொடங்கி, கடந்த கூட்டத்தைச் சொல்லி, கடைசி வரியில் அடுத்த கூட்டத்தைக் குறிப்பிடுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். நாள், கிழமை, நேரம், இடம், பேச்சாளர், பொருள் ஆகிய ஆறும் முதல் நான்கு வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டில் ஒன்று பிழையாக இருந்தால் படிப்பவர் ஐயப்பட்டுக் கேட்பார், நமக்கும் பிழை தெரியவரும். நான் ஒருமுறை முந்தைய இதழின் கோப்பிலேயே புதிய செய்திகளை நிரப்பி, இடத்தை மாற்ற மறந்து அனுப்பிவிட்டேன். மூத்த உறுப்பினர்கள் மூவர் பூட்டிய மண்டபத்தின் முன் அரை மணி நேரம் நின்றார்கள். அன்றிலிருந்து, ஒவ்வோர் இதழையும் தேதி, இடம், எண் எல்லாம் காலியாக உள்ள ஒரு வெற்றுப் படிவத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்களும் முதல் வாரத்திலேயே அப்படி ஒரு படிவத்தைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டச் செய்தியை எழுதுதல்

செய்திமடலின் உயிர் இந்தப் பகுதிதான். பெரும்பாலும் செத்துக் கிடப்பதும் இதுவே. "கூட்டம் இனிதே தொடங்கியது, தலைவர் வரவேற்றார், சிறப்பு விருந்தினர் சிறப்புரை ஆற்றினார், செயலாளர் நன்றி கூற, கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்ற வாசகங்களில் பெயர்களை மட்டும் மாற்றினால் எந்தச் சங்கத்தின் எந்த வாரத்துக்கும் பொருந்திவிடும். எந்த வாரத்துக்கும் பொருந்துவது இந்த வாரத்தின் செய்தி ஆகாது.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தீயணைப்பு அலுவலர் ஒருவர் வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தீ விபத்துகளைத் தடுக்கும் வழிகளை விளக்கி அருமையாக உரையாற்றினார், உறுப்பினர்கள் பெரிதும் பயனடைந்தனர்" என்று எழுதினால், வராதவர் அடைந்த பயன் ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக, "வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் எரியும் எண்ணெய் தெறித்துத் தீ பரவும், அடுப்பை அணைத்துவிட்டுப் பொருத்தமான மூடியால் வாணலியை மூடி, அது ஆறும்வரை திறக்காமல் இருக்க வேண்டும் என்றார்" என்று எழுதிப் பாருங்கள். சொற்கள் சில கூடியிருக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு வராத ஒருவரின் வீட்டுக்கு அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆகவே பேச்சு முழுவதையும் சுருக்க முயலாதீர்கள். பேச்சாளர் சொன்னவற்றில் உங்களுக்குப் புதிதாகத் தோன்றிய ஒன்றையோ இரண்டையோ எடுத்து ஒழுங்காக எழுதினால் போதும். உறுப்பினர் யாராவது நல்ல கேள்வி கேட்டிருந்தால், கேள்வியையும் பதிலையும் சேருங்கள். பேச்சைவிடச் சில நேரம் அதுவே சுவையாக இருக்கும். மருத்துவம், சட்டம், வரி போன்ற பொருள்களில் எழுதியதைப் பேச்சாளருக்கு ஒருமுறை அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

ஆறாம் படி: சேவைத் திட்டங்களை எண்களோடு எழுதுதல்

"ஏராளமானோர் கலந்துகொண்டனர்" என்பது செய்தி அல்ல. ஆனால் எண்ணைத் தரும்போது எது எந்த எண் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரத்ததான முகாமுக்குப் பதிவு செய்தவர்கள் வேறு, ரத்தம் கொடுத்தவர்கள் வேறு. ஹீமோகுளோபின் குறைவு, அண்மையில் எடுத்துக்கொண்ட மருந்து போன்ற காரணங்களால் சிலர் திருப்பி அனுப்பப்படுவது இயல்பு. பெறப்பட்ட அலகுகளின் எண்ணிக்கையை ரத்த வங்கியிடமிருந்தே வாங்குங்கள். பைகளில் 350 மில்லிலிட்டரும் உண்டு, 450 மில்லிலிட்டரும் உண்டு என்பதால், நீங்களாகப் பெருக்கி இத்தனை லிட்டர் என்று எழுதுவது தவறாகிவிடும். "ஓர் அலகு மூன்று உயிர்களைக் காக்கும்" என்ற வாசகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க வேண்டாம். ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரித்து வெவ்வேறு நோயாளிகளுக்குக் கொடுத்தால்தான் அந்தக் கணக்குக்கு இடமுண்டு.

கண் பரிசோதனை முகாமில் இந்தப் பிரிவுகள் இன்னும் கூடுதல். பரிசோதிக்கப்பட்டவர்கள், கண்ணாடி பரிந்துரைக்கப்பட்டவர்கள், கண்புரை அறுவைக்குத் தேர்வானவர்கள், உண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் என ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். கடைசி எண் சில வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும். அதைக் கேட்டு வாங்கி மீண்டும் ஒரு செய்தியாக வெளியிடும் ஆசிரியரைக் காண்பது அரிது. ஆனால் முகாமின் பலன் அந்த எண்ணில்தான் இருக்கிறது. முகாம் நாளன்றே உங்கள் நாட்காட்டியில், ஆறு வாரம் கழித்து ஒரு நாளில், "அறுவை எண்ணிக்கை கேட்க" என்று குறித்து வைத்துவிடுங்கள்.

திட்டச் செய்தியின் இறுதியில் இன்னும் எத்தனை பேர் உதவிக்குத் தேவை, யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். வராதவரின் மூன்றாவது கேள்விக்கு அதுவே பதில்.

ஏழாம் படி: படங்கள்

மூன்றுக்கு மேல் வேண்டாம். வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கும் படத்தைவிட, வேலை நடக்கும்போது எடுத்த படம் பல மடங்கு மேல். நினைவுப்பரிசு வழங்கும் படம் தவிர்க்க முடியாத நாளில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகத் தருவது வழக்கம். உதவி பெறுபவரின் முகத்தை வெளியிடுமுன் அவருடைய ஒப்புதலையும், குழந்தைகளென்றால் பெற்றோரின் ஒப்புதலையும் பெறுங்கள். பள்ளிக் கட்டணத்துக்கு உதவி பெற்ற சிறுமியின் படமும் பெயரும் அவளுடைய வகுப்புத் தோழர்களின் தொலைபேசிகளுக்குப் போய்ச் சேரும் என்பதை நினைத்துப் பார்த்தால், படம் எதற்கு என்ற கேள்வி தானே எழும். சங்கத்தின் பெருமைக்கு அவளுடைய முகம் தேவையில்லை.

எட்டாம் படி: உறுப்பினர் செய்திகள்

பிறந்தநாள், திருமணநாள் ஆகியவற்றில் நாளும் மாதமும் போதும், ஆண்டு வேண்டாம். நோய், மருத்துவமனை பற்றிய செய்திகளைக் குடும்பத்தாரின் அனுமதியின்றி ஒருபோதும் எழுதாதீர்கள். "பார்க்க வரலாம்" என்று அவர்கள் சொன்னால் மட்டும் அதையும் சேருங்கள். புதிய உறுப்பினர் சேரும் வாரத்தில் அவரைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். தொழில் என்ன என்பதோடு, எந்த வேலையில் அவரை அழைக்கலாம் என்பதையும் கேட்டு எழுதினால் அடுத்த மாதமே யாராவது அவரை அழைப்பார்கள்.

ஒன்பதாம் படி: செய்தி இல்லாத வாரம்

அப்படி ஒரு வாரம் வரும். அப்போது இணையத்தில் கிடைக்கும் பொன்மொழிகளையும் பூக்களின் படங்களையும் இட்டு நிரப்பாதீர்கள். சேவை இயக்கங்களின் நாட்காட்டியைப் பாருங்கள். ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் நாள்; அக்டோபரின் இரண்டாவது வியாழன் உலகப் பார்வை நாள்; அக்டோபர் 24 உலகப் போலியோ நாள். அரிமா சங்கங்கள் பார்வைப் பணியில் ஊன்றியதற்குப் பின்னால், 1925இல் பார்வையும் கேட்கும் திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அந்தச் சங்கங்களின் மாநாட்டில் நேரில் வந்து விடுத்த வேண்டுகோள் இருக்கிறது. ரோட்டரி 1979இல் பிலிப்பைன்ஸில் போலியோ தடுப்பு மருந்துத் திட்டத்தைத் தொடங்கி, 1985இல் அதை உலகளாவிய இயக்கமாக விரித்தது. இத்தகைய வரலாற்றில் ஒரு பத்தியை எழுதி, அதே துறையில் உங்கள் சங்கம் செய்த ஒரு பணியைப் பழைய இதழ்களிலிருந்து தேடியெடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் கிடைக்கவில்லையா? அரைப் பக்கத்தில் முடித்து அனுப்பிவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பத்தாம் படி: வடிவமும் அனுப்புதலும்

ஏ4 அளவில் இரண்டு பக்கங்களைத் தாண்ட வேண்டாம். தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு எழுத்துரு எதையாவது பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும், பிற்காலத்தில் ஒரு பெயரைத் தேடினாலும் கிடைக்காது. முடித்தபின் பிடிஎஃப் கோப்பாக மாற்றி, உங்கள் கைப்பேசியிலேயே ஒருமுறை திறந்து படியுங்கள். கணினித் திரையில் அருகருகே அழகாகத் தெரிந்த இரண்டு பத்திகள் கைப்பேசியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் கோப்பை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பலர் அதைத் திறப்பதே இல்லை. அடுத்த கூட்டத்தின் விவரத்தையும் மிக முக்கியமான ஒரு முடிவையும் செய்தியாகவே தட்டச்சு செய்து, அதன் கீழே கோப்பை இணையுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி எல்லா முகவரிகளையும் பிசிசி (BCC) கட்டத்தில் இடுங்கள். அனுப்புமுன் வேறொருவர் படித்துப் பார்ப்பது நல்லது. எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரியாது. அதையும் மீறிப் பிழை வந்துவிட்டால், அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே திருத்தத்தை வெளியிடுங்கள், மூலையில் ஒளித்து வைக்காதீர்கள்.

பதினோராம் படி: எண்ணிடுதல், சேமித்தல், ஒப்படைத்தல்

ரோட்டரிக்கும் அரிமா சங்கங்களுக்கும் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது, கிவானிஸுக்கு அக்டோபர் 1. உங்கள் சங்கத்தின் ஆண்டு தொடங்கும் நாளில் புதிய தொகுதி எண்ணும் முதல் இதழும் தொடங்கட்டும். கோப்பின் பெயரை "2025-07-04 இதழ் 01" என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால், கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். ஓர் ஆண்டின் இதழ்களை அச்செடுத்துக் கட்டி அலுவலகத்தில் ஒரு படி வைப்பது பழைய முறைதான். ஆயினும் பத்தாண்டுக்கு முன் நட்ட மரங்கள் எத்தனை என்று ஒருவர் கேட்கும் நாளில் அந்தக் கட்டைத்தான் தேடிப் போவோம்.

பொறுப்பு மாறும்போது வெற்றுப் படிவம், உறுப்பினர் முகவரிப் பட்டியல், பழைய இதழ்களின் கோப்புறை, மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல் ஆகிய நான்கையும் அடுத்த ஆசிரியரிடம் நேரில் கொடுத்து, அவர் தயாரிக்கும் முதல் இரண்டு இதழ்களுக்கு அருகில் இருங்கள். கடவுச்சொல்லை அவர் மாற்றிவிட்டாரா என்று மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.