சனிக்கிழமை ஜவ்வாது மலைக்கு ஏறுங்கள்

ஜவ்வாது மலைக்கு எந்த நாளில் போகலாம் என்று வண்டி பேச வருகிறவர்கள் கேட்டால், நான் சனிக்கிழமை என்றுதான் சொல்வேன். காட்பாடியில் டெம்போ டிராவலர் ஓட்டுகிறேன். ஏலகிரிக்குச் சவாரி கேட்கிறவர்கள்தான் அதிகம். ஏலகிரியும் நல்ல ஊர். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஏரி, படகு என்று குழந்தைகளுக்கு நாள் போவதே தெரியாது. ஆனால் ராத்திரி தலை நிமிர்ந்து பார்க்க ஒரு வானம் வேண்டும் என்றால் அது ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மாலையே கீழே இறங்கிவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்த மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தை வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும். இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை நடத்துகிறது. சனிக்கிழமைகளில் பிற்பகலிலிருந்து பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். இருட்டியபின் வானம் தெளிந்திருந்தால் பார்வையாளர்களுக்கென்று வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கியில் காட்டுவார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் அங்கே போன் போட்டு, இந்த வாரம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது மாதம். அருவிக்கும் வானத்துக்கும் ஒத்துவராது என்பது இந்த மலையின் சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் பீமன் அருவி கொட்டும், ஆனால் மேகம் விலகாது. மாசி, பங்குனியில் வானம் கண்ணாடியாக இருக்கும், அருவியில் பாறைதான் மிஞ்சும். இரண்டும் ஓரளவு கிடைப்பது மார்கழிக் கடைசியிலிருந்து தை முடியும் வரை. அதிலும் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை கிடைத்தால் விடாதீர்கள். பௌர்ணமிக்குப் பக்கத்தில் போனால் நிலா வெளிச்சத்தில் பாதி நட்சத்திரம் காணாமல் போய்விடும். சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் வளர்பிறை பஞ்சமி, சஷ்டி நல்ல நாள். தொலைநோக்கியில் நிலாவின் பள்ளங்கள் நிழலோடு தெரியும். அப்புறம் நிலா சீக்கிரமே மறைந்து இருட்டும் கிடைக்கும்.

இந்த மலை மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது, மழை எச்சரிக்கை பார்க்கும்போது மூன்றுக்கும் பாருங்கள். அமிர்தி வேலூரில், காவலூர் திருப்பத்தூரில், மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில் வருகிறது. 1989 வரை எல்லாமே ஒரே வட ஆற்காடு.

ஏறுகிற வழிக்கு நான் சொல்வது: போளூர் பக்கமாக ஏறி, ஆலங்காயம் பக்கமாக இறங்குங்கள். வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் தாண்டிப் போளூர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். அமிர்தி வழியாகக் காட்டுக்குள்ளும் ஒரு பாதை மேலே ஏறுகிறது. பகலில் அழகான பாதைதான், ஆனால் குறுகல். எதிரே பஸ் வந்தால் யார் பின்னால் போவது என்பதே பெரிய பேச்சாகிவிடும். மலைச் சாலை பழகாதவர்கள் அதை விட்டுவிடலாம். டீசல், பெட்ரோல் எதுவானாலும் போளூரிலேயே நிரப்பிவிடுங்கள். வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள், காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் ஜமுனாமரத்தூர் சந்தடியில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். முதல் வேலையாகத் தங்கும் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ஏலகிரியைப் போல வரிசையாக விடுதிகள் இங்கே கிடையாது. இருக்கிற சில இடங்களும் பொங்கல் விடுமுறையில் நிரம்பிவிடும். வாரத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தால் நிம்மதி.

அருவிக்கு முற்பகலிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குமேல் கூட்டம். படியிறங்கும்போது செருப்பைக் கையில் பிடிக்காமல் காலிலேயே வைத்திருங்கள், பாசி பிடித்த பாறையில் வெறுங்கால் வழுக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே எங்கோ மழை என்று அர்த்தம். குளித்தது போதும், உடனே கரையேறுங்கள். கோலப்பன் ஏரியில் படகு விடுகிறார்கள், சிறிய ஏரிதான், அரை மணி நேரம் போதும்.

அந்த மிச்ச நேரத்தைக் கற்திட்டைகளுக்குக் கொடுங்கள். பெருங்கற்காலத்து மக்கள் செத்தவர்களுக்காக எழுப்பியவை. ஆளுயரம்கூட இல்லை. பலகைக் கற்களைச் சுற்றி நிறுத்தி, மேலே ஒரே கல்லால் மூடியிருப்பார்கள். சிலவற்றில் முன்கல்லில் வட்டமாகத் துளை போட்டிருக்கும். இரும்பு புழங்கத் தொடங்கிய காலத்தில் அந்தக் கல்லை எப்படிப் பிளந்தார்கள், எத்தனை பேர் தூக்கினார்கள் என்று விளிம்பைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். உள்ளூர்க்காரர்கள் குள்ளர் வீடு என்பார்கள். வழிப்பலகையை நம்பி அலைய வேண்டாம். டீக்கடையில் பெரியவர் யாராவது இருப்பார், "ஐயா, குள்ளர் வீட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் கூடவே ஒரு பையனை அனுப்பிவைப்பார். அந்தப் பையனுக்குக் காசு கொடுங்கள். கற்களின் மேல் ஏறி போட்டோ எடுக்காதீர்கள், பேர் கிறுக்காதீர்கள்.

மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இவை. சாமையும் பலாவும் புளியும் தேனும் அவர்கள் உழைப்பு. வீடுகளை, பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. சாமை அரிசி வாங்க நினைத்தால் இங்கேயே வாங்குங்கள். கடைக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்களை நான் வண்டியிலேயே தடுத்துச் சொல்லிவிடுவேன். சந்தனக்கட்டை என்று யாராவது காதோடு சொன்னால் காது கொடுக்கவே வேண்டாம், அது சிறைக்குப் போகிற வழி.

மூன்றரை மணிக்கு ஜமுனாமரத்தூரை விட்டால் வெளிச்சம் இருக்கும்போதே காவலூர். 1968ல் சந்தனக் காட்டுக்கு நடுவே 38 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் இது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டு, தென் வானத்தையும் நன்றாகப் பார்க்க முடிகிற அளவுக்குப் பூமத்திய ரேகைக்குப் பக்கம், இதற்காகவே வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1977ல் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அந்தக் கிரகத்தின் வளையங்களைக் கண்டறிந்ததில் இங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986ல் வைணு பாப்பு பெயரை வைத்தார்கள். 1988ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர். நம் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் இவ்வளவும் நடந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே போய் நிற்கும்போது கேள்வி தானாக வரும்.

இருட்டியபின் செல்போனைப் பையில் போட்டுவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம், அரை மணி ஆகும். ஒரு தடவை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டார்ச் அவசியம் என்றால் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். சால்வை, ஸ்வெட்டர் கட்டாயம், தை மாத ராத்திரி அங்கே நடுக்கும். வரிசையில் காத்திருக்கும்போதே உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டத்தைத் தேடுங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு நட்சத்திரம் எண்ணலாம். அதற்குக் கிழக்கே செந்நிறமாகத் திருவாதிரை. இன்னும் நேரம் ஆனால் தெற்கே, மரங்களுக்கு மேலே, தனியாகப் பளிச்சென்று ஒன்று எழும்பி நிற்கும். அது அகத்தியர் நட்சத்திரம். வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். வேலூரில் மொட்டை மாடியில் நின்று தேடினால், தெருவிளக்குப் புகைமூட்டத்தில் அந்தத் திசையில் அதை மட்டும்தான் பார்க்கலாம். இங்கே அதைச் சுற்றி எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.

பார்த்து முடித்ததும் ராத்திரியே ஆலங்காயத்துக்கு இறங்கலாம் என்று சிலர் அவசரப்படுவார்கள். மலையிலேயே தங்கிவிட்டு ஞாயிறு காலை இறங்குவதைத்தான் நான் ஏற்றுக்கொள்வேன். ராத்திரியில் பனி இருக்கும், வளைவில் மாடு படுத்திருக்கும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிக் கருகல் வாடை வரும். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி, ஆறும்வரை நிறுத்துங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் ஆலங்காயம், வாணியம்பாடி வழியாக ஆம்பூருக்கு வரும்போது பிரியாணி அண்டா திறந்திருக்கும்.