முதுகில் ஊசி என்றால் என்ன செய்ய வேண்டும்: பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்கும் உடன்வரும் வீட்டாருக்கும்

ஈரோடு மாவட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக மயக்க மருத்துவராக இருக்கிறேன். வார்டில் "மயக்க டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பிரசவத் தியேட்டரில் நான் யாரையும் மயங்க வைப்பது அபூர்வம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஊசியில்தான் நடக்கின்றன. ஆனாலும் மேஜையில் வந்து உட்காரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, அடுத்த ஐந்து நிமிடத்தில் தான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லியிருப்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழாம், எட்டாம் மாதத்திலேயே சில விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவ வலியைக் குறைக்க முதுகில் குழாய் வைத்து மருந்து கொடுக்கும் எபிடூரல் உண்டா? நடு ராத்திரியிலும் மயக்க மருத்துவர் வருவாரா? வலி உச்சத்தில் இருக்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை. உங்கள் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியவையும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ வயிற்றில் போடும் ஊசியோ எடுத்தால், கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று மணிக்கணக்கோடு சொல்லுங்கள். இரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைவு, இதய வால்வுக் கோளாறு, முதுகெலும்பில் செய்த அறுவை, இடுப்பில் கொப்புளம் அல்லது புண், எதையும் மறைக்க வேண்டாம். இரத்தம் சரியாக உறையாத உடம்பில் முதுகில் ஊசி போட்டால் உள்ளே கசிந்து நரம்பை அழுத்தலாம். அதனால்தான் துருவித் துருவிக் கேட்கிறோம். "பல் டாக்டர் போட்ட ஊசி ஒத்துக்கலை, படபடன்னு வந்துச்சு" என்று பலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் அந்த மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் வேலை. மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. இருந்தாலும் சொல்லுங்கள், நான் விசாரித்துக்கொள்கிறேன்.

நாள் குறித்த சிசேரியன் என்றால் இட்லி, இடியாப்பம் போன்ற லேசான சாப்பாட்டை 6 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இல்லாமல், நாக்கு ஒட்டிக்கொண்டு வரும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அது தேவையே இல்லாத வாதை. டீ, பால் தண்ணீர்க் கணக்கில் சேராது.

வளைகாப்பு வளையல்களைக் கழற்றச் சொல்வோம். ட்ரிப்ஸ் ஊசி ஏற்றவும், பி.பி. பட்டை கட்டவும் கை வேண்டும், கண்ணாடி உடைந்தால் வெட்டும். அம்மாக்கள் முகம் வாடிப்போகும். ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கையில் வைத்திருங்கள், பிள்ளையைப் பார்த்ததும் நீங்களே திரும்பப் போட்டுவிடலாம் என்று சொல்வேன்.

இனி ஊசி. சிசேரியனுக்குப் போடுவதைத் தண்டுவட ஊசி, ஸ்பைனல் என்பார்கள். இடுப்பெலும்பின் இரண்டு மேடுகளிலும் கைவைத்து ஒரு கோடு இழுத்தால் அது நாலாவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும். அதன் பக்கத்து இடுக்கில்தான் ஊசி நுழைகிறது. தண்டுவடம் அதற்கு மேலேயே, முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. கீழே இருப்பவை தண்டுநீர் என்ற நீரில் மிதக்கும் நரம்பு இழைகள். ஊசி பட்டால் அவை பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். ஊசியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். போகும் மருந்து புபிவகைன், பெரும்பாலும் 2 மி.லி., அதாவது அரை டீஸ்பூனுக்கும் குறைவு. "இத்தூண்டு மருந்துலயா வயித்தையே அறுக்கறீங்க?" என்று ஒரு பாட்டி கேட்டார். அந்தத் தண்டுநீரிலேயே நேராகக் கலப்பதால் அவ்வளவே போதும்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய வேலை முதுகை வளைப்பது. நேராக உட்கார்ந்தால் முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை முன்னால் போட்டுச் சிக்கெடுக்கும்போது முதுகு எப்படி வளையும்? அதே மாதிரி. மடியில் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தாடையை நெஞ்சில் பதித்து, தோள்களைத் தொங்கவிட்டு, நான் விரல் வைக்கும் இடத்தை என் பக்கமாகத் தள்ளுங்கள். இடுப்பிலிருந்து முன்னால் சாய்வது வேறு, முதுகை வளைப்பது வேறு. முக்கால்வாசிப் பேர் முதலில் சாய்வார்கள். வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் பழகுங்கள், தினம் இரண்டு நிமிடம். வீட்டுக்காரரைப் பின்னால் நின்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழகி வந்த பெண்ணுக்கு ஒரே குத்தில் முடிந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சில்லென்று மருந்து தடவுவோம், அதற்கே துள்ளாதீர்கள். முதலில் தோலை மரக்கவைக்கும் சின்ன ஊசி, பத்து விநாடி எரியும். பெரிய வலி என்று ஒன்று இருந்தால் அது அதுதான். பிறகு ஓர் அழுத்தம் மட்டும் தெரியும். இடையில் பிரசவ வலி எழுந்தால் "வலி வருதுங்க" என்று சொல்லிவிடுங்கள், அது போகும்வரை நான் நிறுத்திக்கொள்வேன். காலில் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்றால் நகராமல் "வலது கால்" அல்லது "இடது கால்" என்று வாயால் சொல்லுங்கள். ஊசியைத் திருப்பிக்கொள்வேன்.

மருந்து போன ஒரு நிமிடத்தில் பிட்டமும் பாதமும் கதகதவென்று இருக்கும், பிறகு கால் கனத்துவிடும். உங்களைப் படுக்கவைத்து வலது இடுப்புக்கு அடியில் ஒரு திண்டு கொடுத்து இடப்பக்கமாகச் சாய்ப்போம். கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தாமல் இருக்கத்தான் அது. இந்த நேரத்தில் பி.பி. இறங்கும். குமட்டல், கொட்டாவி, கண் இருட்டுவது எல்லாம் அதன் முன்னறிவிப்பு. "சொன்னா தப்பா நினைப்பாங்களோ" என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். சொன்ன மறு நொடி ட்ரிப்ஸில் மருந்து கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். நெஞ்சு மரத்து மூச்சே விடாத மாதிரி தோன்றலாம். பேச முடிகிறதா, என் விரலை இறுக்கிப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பயமில்லை. பிடி தளர்ந்தால் உடனே சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் படிப்பு முடித்த புதிது, ஓர் ஆஸ்பத்திரியில் அவசர சிசேரியன். கத்தி வைத்ததும் அந்தப் பெண் "வலிக்குதுங்க" என்றாள். "பயப்படாத கண்ணு, தொடறதுதான் தெரியும்" என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். மறுநாள் வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தோலை அறுத்த ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தது என்றாள். அன்றிலிருந்து ஸ்பிரிட் பஞ்சைத் தோளில் வைத்துச் சில்லிப்பைக் காட்டி, பிறகு வயிற்றிலிருந்து மார்புக்காம்பு மட்டம் வரை இருபக்கமும் வைத்துப் பார்க்காமல் கத்தியை எடுக்க விடுவதில்லை. நீங்களும் கேட்கலாம்: "பாத்துட்டீங்களா டாக்டர்?" தொடுவது தெரியும், இழுப்பது தெரியும், குழந்தையை எடுக்கும்போது வயிற்றில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி அழுத்தம் தெரியும். சுள்ளென்ற வலியும் எரிச்சலும் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த இரண்டு சொற்களையே சொல்லுங்கள், "சுள்ளுங்குது", "எரியுது". சும்மா "ஒரு மாதிரி இருக்கு" என்றால் எங்களுக்குப் புரியாது. கூடுதல் மருந்தும் உண்டு, தேவைப்பட்டால் முழு மயக்கமும் உண்டு. நீங்கள் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டியதில்லை.

சுகப்பிரசவத்துக்கான எபிடூரல் வேறு வகை. தண்டுநீர்ப் பைக்கு வெளியே, பூக்கட்டும் நார் அளவுக்கு ஒரு மெல்லிய குழாயை வைத்துவிட்டு அதன் வழியே நீர்த்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம். பிடிக்க 15, 20 நிமிடம் ஆகும். வலி குறையும், முக்க வேண்டும் என்ற அழுத்தம் ஓரளவு இருக்கும். இதனால் சிசேரியன் கூடிவிடும் என்ற பேச்சு சரியல்ல. முக்கும் கட்டம் சற்று நீளலாம், அது உண்மை. பின்னால் சிசேரியன் தேவைப்பட்டால் அதே குழாயில் வலுவான மருந்து கொடுத்துவிடலாம். குழாயில் மருந்து போகும்போது வாயில் உலோகச் சுவை, உதடு மரப்பது, காதில் ரீங்காரம், இவற்றில் எது வந்தாலும் உடனே சத்தமாகச் சொல்லுங்கள். மருந்து இரத்தக் குழாய்க்குள் போகிறது என்பதற்கு அடையாளம் அது.

எபிடூரல் இல்லாத இடத்திலும் ஓர் உரிமை உங்களுக்கு உண்டு. பிரசவ வாயில் தையல் போடும் முன் லிக்னோகைன் ஊசி போட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து, கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் தைக்க வேண்டும். "அந்த வலியைத் தாங்கினவளுக்கு இது என்ன" என்று அவசரமாகத் தைக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். உடன்வரும் அம்மாவோ அக்காவோ கேளுங்கள்: "மரத்துப்போக ஊசி போட்டாச்சுங்களா சிஸ்டர்?"

முடிந்த பிறகு கால் திரும்ப இரண்டு முதல் நாலு மணி நேரம் ஆகும். உடம்பு வெடவெடவென்று நடுங்கலாம், போர்வை கேளுங்கள். 24 மணி நேரம் தலையணை வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடுவார்கள். ஊசிக்குப் பிறகு சிலருக்கு வரும் தலைவலியை அது தடுப்பதில்லை, தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைவலிக்கு இந்த ஊசியின் வயதே ஆகிறது. 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் இந்த முறையைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். தண்டுநீர் நிறையக் கசிந்து ஒன்பது நாள் தலைவலியோடு படுத்திருந்தார். இப்போது பென்சில் முனை ஊசிகள் வந்து அது வெகுவாகக் குறைந்துவிட்டது. உட்கார்ந்தால், நின்றால் மண்டையைப் பிளந்து, படுத்தால் விட்டுவிடும் வலியா? அப்படியானால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் எங்களைக் கூப்பிடுங்கள். மாத்திரையில் தீராவிட்டால் உங்கள் கை இரத்தத்திலிருந்தே 20 மி.லி. எடுத்து முதுகில் ஊசி போட்ட இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலிங்களாமே?" என்று மாமியார்கள் கேட்பார்கள். ஊசி போட்ட இடம் ஒரு சில நாள் நோகும், அவ்வளவே. வருடக்கணக்கில் நிற்கும் வலி, குனிந்து பால் கொடுப்பதாலும் பிள்ளையைத் தூக்குவதாலும் கர்ப்பத்தில் தளர்ந்த தசையாலும் வருவது. ஊசி போடாத பெண்களுக்கும் அது வருகிறது. ஆனால் மரத்த கால் ஆறு மணி நேரமாகியும் அசையாவிட்டாலோ, வந்த பலம் மறுபடி போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சலோடு முதுகு கடுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பால் உடனே கொடுக்கலாம். இந்த மருந்து தாய்ப்பாலில் சேரும் அளவு குழந்தையைப் பாதிக்காது. உங்கள் கால் இன்னும் மரத்திருக்கும், சொன்னபடி திரும்ப முடியாது. அதனால் முதல் பாலுக்கு ஒரு கை குழந்தையைத் தாங்க, ஒரு கை உங்கள் முதுகுக்குத் தலையணை வைக்க, பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.